போவதற்கு மட்டும் ஒரு மினிபஸ்

“பிரேக்... பிரேக்... பிரேக்!”

மூன்றாவது ‘பிரேக்’ வாயை விட்டு வருவதற்குள் அவளே தன் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டாள். ஆனாலும் பயிற்சிக் கார், மழையில் வழுக்கிக்கொண்டு போய், ஓரமாக நின்றிருந்த மினிபஸ்ஸின் முதுகில் செல்லமாக ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வங்கி மேனேஜர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு ‘பிரேக் டீச்சர்’ என்றுதான் பெயர். தப்பு தன் பக்கம் என்றால் குரலை இரண்டு மடங்கு உயர்த்துவது அவள் வழக்கம். குடையை விரித்துக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டாள்.

“டிரைவிங் ஸ்கூல் வாசல்ல கொண்டாந்து பஸ்ஸை நிறுத்தியிருக்கீங்களே, கொஞ்சமாவது அறிவு வேணாம்?”

ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் மெதுவாக இறங்கியது. முதலில் தெரிந்தவை இரண்டு கண்கள். சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிற கண்கள்... மழைத்துளி ஒன்று இமையில் விழ, அதையும் துடைக்காமல் அவளையே பார்த்தன.

“இடிச்சதும் நீங்க, திட்டறதும் நீங்களா? முதல்ல ஓட்டக் கத்துக்கங்க மேடம்.”

“நானா? நான் கத்துக் குடுக்கறவ! ஹெவி லைசென்ஸ் வெச்சிருக்கேன். உங்க பஸ்ஸை ரிவர்ஸ்லயே ஊரைச் சுத்திட்டு வருவேன், தெரியுமா?”

“சந்தோஷம். எனக்கு உடம்பு முடியலைன்னா கூப்பிடறேன்.”

காற்று, பேச்சில் கலந்துகொள்வதுபோல, அவள் குடையை அப்படியே மேல்நோக்கிப் புரட்டிப் போட்டது. அவன் இருக்கையை விட்டு அசையாமல் ஒரு பெரிய கறுப்புக் குடையை ஜன்னல் வழியாக நீட்டினான். ‘வாங்குவேனா நான்?’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தவள், பஸ்ஸின் பின்பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

‘வாடகைக்குக் கிடைக்கும்.’

கடவுளே... இவனிடமா?

அவள் அப்பா வருஷா வருஷம் ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் தலத்துக்கு நடந்தே போகிறவர். வாரக்கணக்கில் நடை. நடை தொடங்கும் எல்லைக்கல் இருப்பதோ வெகு தொலைவில், பஸ் வசதியே இல்லாத காட்டுச் சாலையில். அங்கே போய்ச் சேர வண்டி பிடிக்கும் பொறுப்பை இந்த வருஷம்தான் முதல்முறையாக மகளிடம் கொடுத்திருந்தார். பேசி வைத்திருந்த வண்டிக்காரர் நேற்று கையை விரித்துவிட்டார். அடுத்த வாரம் புறப்பாடு!

மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“குடை குடுக்கறேன்னீங்களே... அப்படியே பஸ்ஸும் குடுப்பீங்களா?”

சிரிப்பு இப்போது அவன் கண்களில் அடங்கவில்லை.

அன்று மாலையே திட்டமிடும் கூட்டம், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது. தீப்பெட்டிகள் இருக்கைகளாயின. பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கும் அத்தைக்கு ஜன்னலோரம். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகலைகள் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஆனால் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாத தூரத்திலும் உட்கார வைக்கக் கூடாது. அவள் ஒரு தீப்பெட்டியை நகர்த்த, அவன் இன்னொன்றை நகர்த்த, விரல்கள் உரசிக்கொள்ள... இரண்டு சகலைகளும் தரையில் விழுந்தார்கள்.

“போற வண்டியைப் பத்தி இவ்வளவு பேசறீங்களே, வர்ற வண்டி?” என்றாள் அத்தை. “போன தடவை முட்டைக்கோஸ் லாரியில ஏறி வந்தேன். இன்னும் என் புடவையில வாசனை போகலை.”

“நடையில மனசு இருக்கறவனுக்குத் திரும்பி வர்றதைப் பத்தி என்ன கவலை?” என்று அப்பா அந்தப் பேச்சை வழக்கம்போல் அங்கேயே முடித்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். “உங்க வீடு எங்க தம்பி?”

“பக்கத்துத் தெருதான் சார்.”

“நடந்தா வந்தீங்க?”

“பஸ்லதான் சார். முடி வெட்ட எதிர்க்கடைக்குப் போறதுன்னாலும் வண்டிதான்.”

அப்பாவின் முகம் சுருங்கியது. நடக்காத மனிதனை அவர் அரை மனிதனாகத்தான் கணக்கு வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. வழியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றது அவள்தான். வழி பார்க்கத்தானா என்று அவள் மனசு கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அப்பா பின்னால் உட்கார, அவள் முன் இருக்கையில். ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கால் தரையை அழுத்தியது.

“அங்க பிரேக் கிடையாது டீச்சர்,” என்றான் அவன் மெல்ல.

“பழக்க தோஷம்...”

“எதுக்கெடுத்தாலும் பிரேக் போடறதா?”

அவள் கன்னம் சூடானது.

எல்லைக்கல்லை அடைந்ததும் அப்பா உற்சாகமாகிவிட்டார். “இதை மிதிச்சவன் மலை ஏறாம வண்டியில ஏறக் கூடாது தம்பி. இதுதான் எங்க கூட்டத்து விதி. அதனால நாங்க நாள் பார்த்துத்தான் மிதிப்போம். இறங்கி வந்து பாருங்க!”

“இங்கிருந்தே நல்லாத் தெரியுது சார்.”

அப்பா விறுவிறுவென்று திரும்பி வந்து, கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அத்தைக்குக் கண் கூர்மை. இருவர் பார்வையும் போகும் திசையைப் பார்த்துவிட்டு, மறுநாளே அண்ணனிடம் பேச்சைப் போட்டுவிட்டாள்.

“நல்ல பையன்தான்,” என்றார் அப்பா. “ஆனா தெருவைத் தாண்ட பஸ் எடுக்கறவனுக்கு என் பொண்ணைக் குடுத்தா, என் கூட நடக்கறவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? நடக்காதவனுக்குப் பொண்ணு கிடையாது.”

“யாருக்கு வேணுமாம் அவரை!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் அவள். வீம்பு! கத்திவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனவள், சிவப்பு விளக்கில் வங்கி மேனேஜரிடம், “போங்க, போங்க” என்றாள். அவர் பயந்துபோய்த் தானே பிரேக் போட்டார். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவர் சரியாகப் போட்ட முதல் பிரேக் அதுதான்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. ஸ்கூலைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அவள் நடக்கப் போவதில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸில் திரும்பும்போது அவனும் அவளும் மட்டும்தான். அப்போது சொல்லிவிடலாம். அதை விட்டால் வழி இல்லை. வாடகை முடிந்தால் அவன் யாரோ, அவள் யாரோ. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். ‘எனக்கு...’ என்பதற்கு மேல் வார்த்தை நகரவில்லை.

புறப்பட்ட அன்று சன்னமான தூறல். அத்தை ஒரே ஒரு முறைதான் வாந்தி எடுத்தாள். சகலைகள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி ஒரே நகைச்சுவைக்குச் சிரித்தார்கள். எல்லைக்கல்லில் கூட்டம் ஒவ்வொருவராக மிதித்து அந்தப் பக்கம் போனது. அவள் இந்தப் பக்கம் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம்... அப்புறம் காலி பஸ்...

ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது.

அவன் இறங்கினான்! அவன் நடந்து அவள் பார்த்ததெல்லாம் நாலு எட்டுக்கு மேல் இல்லை. காலில் புத்தம்புது ஷூ. ஒன்றின் கயிறு ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. நேராக வந்து, அப்பாவின் எதிரில், இரண்டு காலையும் கல்லின்மேல் வைத்தான்.

கூட்டமே “ஐயோ!” என்றது.

“தம்பி, இறங்கு! மிதிச்சா நடக்கணும்!”

“தெரியும் சார். அதுக்குத்தான் மிதிச்சேன். நடக்காதவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னீங்களாமே... அத்தை சொன்னாங்க.”

அத்தை மரத்தில் ஏதோ பறவையைத் தேடினாள்.

“புது ஷூவைப் போட்டுட்டு எவனாவது நடப்பானா? ரெண்டு நாள்ல கால் கொப்பளிச்சுடும்!” என்று அப்பா அலறினார். கோபப்பட வந்தவர் அக்கறைப்பட்டுவிட்டார். அதை அவரே தாமதமாகத்தான் உணர்ந்தார்.

“கொப்பளிக்கட்டும் சார்.”

“அப்போ பஸ்ஸை யார் ஓட்டறது?” என்று கேட்டாள் அவள்.

சாவி பறந்து வந்து அவள் கையில் விழுந்தது. “ஹெவி லைசென்ஸ் வெச்சிருக்கீங்கல்ல? மழையில நனைஞ்சுக்கிட்டே சொன்னீங்க. அன்னைக்கே விழுந்துட்டேன் டீச்சர். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?”

அவள் வலது கால் ஈரத் தரையில் பிரேக்கைத் தேடியது. கிடைக்கவில்லை. நல்லவேளை, கிடைக்கவில்லை...

அவள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி ஜன்னலை இறக்கினாள்.

“மலைக்கு மேல போயிட்டு எப்படித் திரும்பி வர்றதா உத்தேசம்?”

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வழக்கம்போல யாரும் யோசிக்கவே இல்லை.

“முட்டைக்கோஸ் லாரிதான்,” என்றாள் அத்தை.

“வேணாம். அடிவாரத்துல நான் இந்த பஸ்ஸோட நிப்பேன். முன் சீட்டு மட்டும் யாருக்கும் கிடையாது. எனக்குப் பிடிச்சவர் ஒருத்தர் நொண்டிக்கிட்டே நடந்து வருவாரு... அவருக்கு!”

அப்பா தொண்டையைச் செருமினார். குனிந்து, அவிழ்ந்திருந்த அவன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்.

“முதல்ல ஷூ கட்டக் கத்துக்க. நட!”

தேவையில்லாமல் ஹாரன் அடிப்பது அநாகரிகம் என்று ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லிக்கொடுக்கிற பிரேக் டீச்சர், அந்தக் காட்டுச் சாலையில், கண்ணாடியில் அவன் புள்ளியாகித் தேய்கிறவரை, ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.