மூடாத குழி

வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் ஒரு குழி இருந்தது. மதியம் ஹாலிஸ் விறகு எடுக்கப் போனபோது அது அங்கே இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக, விளிம்பில் ஈர மணலும் உள்ளே தண்ணீருமாக இருந்தது. ஃபண்டி வளைகுடா இங்கிருந்து இரண்டு மைல். இந்தத் தோட்டத்து மண் முழுக்கக் களிமண். மணல் என்று ஒரு பிடி கூடக் கிடையாது.

நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்தவுடன் அது எந்தக் குழி என்று தெரிந்துவிட்டது.

மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரும் மண்வெட்டியுமாக அலைகிறவர்களுக்குச் சட்டம் ஒன்றுதான்: தோண்டியதை மூடிவிட்டு நகர வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஹாலிஸ் மூடாமல் விட்டது ஒரே ஒரு குழி. போன மாதம், ஓதம் இறங்கிக் கடல் வற்றிய சேற்று மணலில், எட்னாவின் மோதிரத்தைத் தேடிப் போன அன்று.

கடற்கரையில் யார் மோதிரம் தொலைத்தாலும் ஹாலிஸைத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை முப்பத்தெட்டு கண்டெடுத்துக் கொடுத்திருந்தான். முப்பத்தெட்டு பேரோடும் அவன் சிரித்தபடி நிற்கும் படங்கள் கடைத்தெருவில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகின்றன. எட்னா எழுபது தாண்டியவள். மட்டி தோண்டும்போது குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவிவிட்டது. கடலில் போன புருஷன் அவளுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். அவனுடைய பாட்டி காலத்து மோதிரம், சிவப்புக் கல் வைத்தது.

இரண்டு மணி நேரத்தில் டிடெக்டர் சொல்லிவிட்டது. தங்கத்துக்கென்று ஒரு குரல் உண்டு, தாழ்ந்து, இனிமையாக. தோண்டினான். கழுவினான். அவள் ஐம்பதடி பின்னால் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். மோதிரம் அவன் கையுறைக்குள் போய்விட்டது. எடுத்துக்கொள்ள ஒரு காரணமும் இருக்கவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான். அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

"கெடச்சுதா தம்பி?"

"இல்லம்மா. அலை எங்கயோ இழுத்துட்டுப் போயிருக்கும்."

"சரி, விடு. இந்தக் குளிர்ல உன்னையும் போட்டு வதைச்சுட்டேன். இந்தா, நேத்து சுட்ட ரொட்டி. யுனிஸுக்கும் குடு."

அந்த ரொட்டியை அவன் தின்றான். வெட்கங்கெட்டவன், இரண்டு துண்டு தின்றான்.

அதற்குப் பிறகு கடல் வற்றும்போதெல்லாம் எட்னா தனியாகப் போய் வெறுங்கையால் தோண்டினாளாம். போன வாரம் ஏறிவந்த கடலை அவள் கவனிக்கவில்லை. மறுநாள் உடலைக் கண்டெடுத்தபோது பத்து விரலிலும் நகமே இல்லை என்றார்கள். அன்று மாலைதான் ஹாலிஸ் வண்டிக் கொட்டகைக்குள் நின்று மோதிரத்தைச் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தான். ஏறியது இறங்கவில்லை. சோப்பு, எண்ணெய், நூல், எதற்கும் அசையவில்லை. கட்டுப் போட்டு மறைத்துக்கொண்டான்.

"நாளைக்கு எட்னாவுக்குப் பிரார்த்தனை." அவன் மனைவி யுனிஸ் அடுப்பில் மட்டி சூப்பைக் கிளறியபடி சொன்னாள். "உன்னை ரெண்டு வார்த்தை பேசச் சொல்றார் பாதிரியார்."

"நான் எதுக்கு?"

"நல்லா கேட்ட போ. ஊர்ல வேற யாரு அவகூடப் போய்த் தேடினா? கை எப்படி இருக்கு? கட்டை அவுத்துப் பாக்கலாமா?"

"வேணாம். ஆறிடுச்சு."

"ஆறிடுச்சுன்னா கட்டு எதுக்கு?"

கொட்டகையிலிருந்து அந்தக் குரல் வந்தது, தாழ்ந்து, இனிமையாக. டிடெக்டரின் பேட்டரிகளை அவன் கழற்றி இழுப்பறையில் வைத்து ஒரு வாரம் ஆகிறது. யுனிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தான். கடல் வற்றிய சேற்றின் நாற்றம், அழுகிய பாசியும் உப்புமாக, தோட்டம் முழுக்க நின்றது. குழிக்குள் ஏதோ சுரண்டும் சத்தம். கிட்டே போனதும் நின்றுவிட்டது. மூடிவிடலாமா என்று நினைத்தான். இல்லை, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல். குளிர்ந்த தண்ணீரில்தானே அவளுக்கும் நழுவியது.

மண்டியிட்டான். கட்டை அவிழ்த்தான். கையை உள்ளே விட்டான்.

முழங்கை வரை போயும் அடி தட்டவில்லை. குளிர் எலும்பைப் பிடித்தது. விரல் சுருங்கியது. மோதிரம் தளர்ந்தது. நழுவியது.

"மன்னிச்சிடும்மா."

ஏதோ அவன் கையைத் தொட்டது. விரல்கள். மெத்தென்ற, நகமில்லாத நுனிகள். சேற்றில் மட்டி துழாவுவது போல் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தன. கட்டை விரல். ஆள்காட்டி. நடுவிரல். மோதிர விரல். சுண்டுவிரலுக்கு வந்து நின்றன.

மோதிரத்தைத் திரும்ப மாட்டின. கணு தாண்டி. அடி வரைக்கும். பிறகு விடவில்லை.

தண்ணீர் ஏறியது. கதவு திறந்து வெளிச்சம் புல்லில் விழுந்தது.

"ஹாலிஸ்? அங்க என்ன பண்ற?"

கூப்பிட்டால் போதும். ஓடி வருவாள். விளக்கோடு வருவாள். இழுப்பாள். கை வெளியே வரும், மோதிரத்தோடு.

"ஒண்ணுமில்ல. ஒரு குழி. மூடிட்டு வரேன்."

"சீக்கிரம் வா. சூப் ஆறுது."

கதவு சாத்திக்கொண்டது. வெளிச்சம் போயிற்று. கை தோள் வரை உள்ளே போய்விட்டது. கன்னம் புல்லில். உதட்டில் உப்பு. இன்னமும் கத்தலாம். வாயைத் திறந்தான். சுவர் முழுக்க அந்த முப்பத்தெட்டு படங்கள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டான்.

குழியின் அந்தப் பக்க விளிம்பில் இன்னொரு கை மேலே வந்தது. ஈர மணலை ஒரு பிடி அள்ளியது. அவன் முகத்தின் மேல் போட்டு, பொறுமையாக, தட்டித் தட்டி மூட ஆரம்பித்தது.