எட்டு மணி பன்னிரண்டு நிமிடம்

செவ்வாய், காலை 7.40.

கார்ச் சாவி ஆணியிலேயே தொங்கியது.

செவ்வாயும் வியாழனும் சனியும் இந்த நேரத்துக்கு அப்பா வாசலில் நின்று கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். இன்று வீட்டு உடையில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, கிளம்பலையா?" என்றாள் மகள்.

"இல்லம்மா. இனிமே ஓட்டறதில்ல."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. லைசென்ஸைக் கொடுத்துட்டேன்."

மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. அதைப் படிக்காமலே அவளுக்குத் தெரியும். வாசகம் அவள் எழுதியது. எழுபது வயதைக் கடந்தவர், சிவப்பு விளக்கை மீறியதை ஒப்புக்கொண்டார், உரிமம் ரத்து. கீழே கையெழுத்து.

அவளுடைய கையெழுத்து.

போக்குவரத்து அபராத அலுவலகத்தில் ஆட்சேபணைகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. சக ஊழியர்கள் ஜட்ஜம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மட்டும். வெள்ளிக்கிழமை மாலை இருநூறு உத்தரவுகள் கட்டாக வரும். எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவாள். பெயரைப் பார்த்தால் மனம் இளகும் என்று அவளே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். பெயர் இருக்கும் வரியை ஒரு ஸ்கேலால் மறைத்துக்கொள்வாள்.

அந்த ஸ்கேலுக்கு அடியில் அப்பா போய்விட்டிருக்கிறார்.

"என்னைக்கு நடந்தது?"

"போன மாசம் ஒன்பதாம் தேதி. செவ்வாய். எட்டு பன்னண்டு."

"எங்க?"

"தண்ணித்தொட்டி சிக்னல்."

"அது வீட்டுக்கும் என் ஆபீசுக்கும் நடுவுல இருக்கு. நான் ஆபீஸ்ல இறங்கினப்புறம் நீங்க நேரா நோயாளிங்க வீட்டுப் பக்கம்தானே போகணும்? அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"நோயாளிங்க லிஸ்ட்டை வீட்ல வெச்சுட்டேன். திரும்பி வந்து எடுத்துட்டு மறுபடி போனேன். அவசரம். தாண்டிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா மட்டும்? நீயே கையெழுத்துப் போட்டிருக்கே."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு கீறல், ஒரு புகார் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு வாரம் மூன்று நாள், சிறுநீரகம் பழுதான மூன்று பேரை டயாலிசிஸுக்கு இலவசமாகக் கூட்டிப் போகிறார். ஆபீஸ் வரை கார் ஓட்டுவது அவள். அவர் ஓட்டினால் அவள் உட்கார மாட்டாள். அவள் இறங்கியதும் அவர் சக்கரத்தைப் பிடிப்பார்.

ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறாள். போன மாதம்கூட ஒருநாள் காரில் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் பதில் பேசவில்லை. வலது காலைத் தரையில் ஓங்கி ஊன்றினார். அவ்வளவுதான்.

ஆக, கடிதத்தைப் பார்த்ததும் முதலில் வந்தது ஒரு நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடி அதற்காகக் கூசினாள்.

"டீச்சரம்மா எட்டேகாலுக்கு வாசல்ல நிப்பாங்க," என்றார் அப்பா. "போன் பண்ணேன், எடுக்கலை. இன்னைக்கு யாரு போறது?"

அவள் சாவியை எடுத்தாள்.

காலை 8.15.

கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. கழுத்து திரும்பாது. வாய்க்கு அந்தக் குறை இல்லை.

அவருடைய பையை வைக்க அவள் டிக்கியைத் திறந்தாள். துண்டில் சுற்றி ஏதோ உருண்டது. பிரித்தாள். கார் சீட்டின் தலைத் திண்டு.

"அது முன் சீட்டோடது. என் கழுத்தை முட்டுதுன்னு உங்கப்பா கழட்டிப் போட்டு நாலு மாசம் ஆகுது," என்றார் டீச்சர். "அவர் எங்க?"

"இனிமே வரமாட்டார். சிவப்புல தாண்டிட்டார். லைசென்ஸ் போச்சு."

டீச்சர் சிரித்தார். "யாரு, அவரா? தூரத்துல மஞ்சளைப் பார்த்தாலே நிறுத்தறவராச்சே. பின்னாடி ஹார்ன் அடிக்கிறவனுக்குத் தலை நரைச்சுடும்."

"போன மாசம் ஒன்பதாம் தேதி. எட்டு பன்னண்டுக்கு. தண்ணித்தொட்டிகிட்ட. லிஸ்ட்டை எடுக்க வீட்டுக்குத் திரும்பினாராம்."

டீச்சர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். டாக்டர் எழுதச் சொன்னது. கிளம்பும்போது ரத்த அழுத்தம், எடை, நேரம்.

"ஒன்பதாம் தேதி. வண்டி ஏறினது எட்டு பதினஞ்சு." நோட்டை மூடினார். "தண்ணித்தொட்டியிலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்?"

"பதினேழு நிமிஷம்."

"எட்டு பன்னண்டும் பதினேழும் எவ்வளவு?"

அவள் டிக்கியை மூடினாள்.

"வாய்ப்பாடு மறந்துடுச்சா? எட்டு இருபத்தொம்பது. லிஸ்ட்டுக்காக வீட்டுக்கு வேற திரும்பினாராம். கணக்கு உதைக்குதே."

டீச்சர் அப்பாவுக்காகப் பொய் சொல்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. தொழில் புத்தி. பதினோரு வருடத்தில் அவள் எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறாள், கேமராவைத் தவிர.

காலை 11.01.

அலுவலகச் சுவர்க் கடிகாரம் காட்டிய நேரம் அது. மூன்று நோயாளிகளையும் மருத்துவமனையில் இறக்கிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் ஒன்பதாம் தேதியின் வருகைப் பதிவைப் பார்த்தாள். அவள் அட்டையைத் தேய்த்த நேரம் 8.04. சிக்னல் கேமரா காரைப் படமெடுத்த 8.12-க்கு அவள் இதே அறையில் இருந்தாள்.

மேசைமேல் ஒரு மனு. மருந்துக்கடைக்காரர், மூன்றாவது முறையாக. அதே தண்ணித்தொட்டி சிக்னல், அப்பாவுக்கு மறுநாள், பத்தாம் தேதி. படத்தில் நேரம் 9.05. ஒன்பது மணிக்கே கடையில் முதல் பில் போட்டுவிட்டேன், இதோ பில், நான் அங்கே இல்லவே இல்லை என்கிறார். இரண்டு முறை தள்ளுபடி செய்திருந்தாள். 'கேமராவுக்கு யார்மேலும் கோபம் கிடையாது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அந்த வரியில் அன்று அவளுக்குப் பெருமை.

கதவு திறந்தது. கேமராக்களைப் பராமரிப்பவர் தலையை நீட்டினார்.

"என்ன மேடம், மீட்டிங் பதினொண்ணேகாலுக்குத்தானே? ஒருத்தரையும் காணோம்?"

"நேரம் இருக்கு. உட்காருங்க."

அவர் எப்போதுமே இப்படித்தான். எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். அலுவலகத்திலேயே நேரம் தவறாதவர் என்று போன வருடம் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

அவள் கம்ப்யூட்டரில் முழுப் படத்தைத் திறந்தாள். நோட்டீஸில் போவது வெட்டிய படம், நம்பர் பலகை மட்டும். முழுப் படத்தில் காரின் பின்புறம் தெரிந்தது. பின் கண்ணாடி வழியே முன் சீட்டுகள். ஓட்டும் பக்கம் ஒரு தலை. பக்கத்து சீட்டுக்கு மேலே ஒரு கரிய மேடு. அது சீட்டின் திண்டு.

படத்தை மூடப் போனாள்.

திண்டு டிக்கியில் இருக்கிறது. நாலு மாதமாக.

கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. அந்த மேடு திண்டு இல்லையென்றால் தலை. அந்தச் சிக்னலைத் தாண்டும்போது நோயாளிகள் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். அங்கே காரில் இரண்டு பேர் இருந்தால், எந்த இரண்டு பேர் என்பதற்கு ஒரே பதில்தான். அதில் யார் ஓட்டுவார் என்பதற்கும் ஒரே பதில்தான்.

ஆனால் 8.12. அதற்கு எட்டு நிமிடம் முன்பே அவள் அட்டையைத் தேய்த்துவிட்டாள்.

மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"தண்ணித்தொட்டி கேமராவுக்கு பேட்டரி மாத்தினீங்களா?"

"மாத்தினேன் மேடம். போன மாசம் ஏழாம் தேதி."

"பேட்டரி மாத்தினா கடிகாரம்?"

"பூஜ்யத்துக்குப் போயிடும். நான்தான் மறுபடி வெச்சேன்."

"எதைப் பார்த்து?"

"வாட்சைப் பார்த்துதான்."

"அதைக் காட்டுங்க."

அவர் மணிக்கட்டை நீட்டினார். 11.18. அவள் சுவரைப் பார்த்தாள். 11.04.

"அது வந்து மேடம், என் வீட்டுக்காரி கூட்டி வெச்சது. நான் எங்கயும் லேட்டாப் போறேனாம். பதினஞ்சா வெச்சா மனசுலயே கழிச்சுடுவேன்னு பதினாலா வெச்சிருக்கா."

"கேமராவுக்கு வைக்கும்போது கழிச்சீங்களா?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது.

"மழை தூறிட்டு இருந்துச்சு மேடம். ஏணிமேல நின்னுட்டு இருந்தேன்..."

8.12. பதினான்கைக் கழித்தால் 7.58.

7.58-க்கு அவள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என்ன பேசினாள் என்பதும் தெரியும். 'உங்க கண்ணு இப்ப பழைய கண்ணா? ஒருநாள் யார்மேலயாவது ஏத்திட்டு நிப்பீங்க. அப்ப தெரியும்.' அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். ஓட்டிக்கொண்டே, முழுசாகத் திரும்பி. அப்போதுதான் அவர் காலை ஊன்றினார். கோபம் என்று நினைத்தாள்.

பஸ் ஓட்டிய கால். இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறது.

"மேடம், தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றார் கேமராக்காரர்.

"வேண்டாம். போய் அந்தக் கடிகாரத்தைச் சரி பண்ணுங்க. சுவரைப் பார்த்து."

அவர் போன பிறகு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. கேமராவில் கோளாறு என்று ஒரே ஒரு வரி எழுதலாம். நோட்டீஸ் செல்லாது. அப்பாவுக்கு உரிமம் திரும்பி வரும். மருந்துக்கடைக்காரரும் வாழ்த்துவார். யார் ஓட்டினார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்த நாற்காலியில் இருப்பவர்மேல் ஒரு சிக்னல் வழக்குகூட இருக்கக்கூடாது என்பது விதி. அந்த விதிக்கும் வேலை இருக்காது.

பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரரின் கோப்பு திறந்தே கிடந்தது. அவருடைய முதல் மனுவில் அவள் எழுதியிருந்தது தெரிந்தது. 'நேரம் எதுவானாலும் சிவப்பு சிவப்புதான்.'

பேனாவை மூடினாள். தொலைபேசியை எடுத்தாள்.

"நீங்க பொய் சொல்லலை," என்றாள்.

"அம்மா, அதைத்தானே ஒரு மாசமா சொல்றேன்!"

"கேமரா கடிகாரம் பதினாலு நிமிஷம் முன்னால ஓடியிருக்கு. ஒன்பது அஞ்சுக்கு நீங்க கடையிலதான் இருந்தீங்க. எட்டு அம்பத்தொண்ணுக்கு?"

மறுமுனையில் கல்லாப்பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"வண்டியில," என்றார் கடைசியில். "அப்ப நான்தானா? எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

"புரியுது. எனக்கும் தெரியலை."

மாலை 5.40.

அப்பா அதே நாற்காலியில் இருந்தார். பேப்பரும் அதேதான்.

"டயாலிசிஸ் முடிஞ்சு எல்லாரையும் வீட்ல விட்டாச்சா?"

"விட்டாச்சு. ஓட்டினது யாருன்னும் கண்டுபிடிச்சாச்சு."

"அதான் நான் ஒத்துக்கிட்டேனே."

"பக்கத்து சீட்ல திண்டு இல்லப்பா. படத்துல தலை தெரியுது. உங்க தலை."

அப்பா பேப்பரை மடித்தார். "நல்லா விழுந்திருக்கா?"

"அப்பா!"

"சரி, சரி. கேளு. நோட்டீஸைப் பார்த்ததுமே நேரம் தப்புன்னு தெரிஞ்சுது. எட்டு பன்னண்டுன்னா உன்மேல வராது. என்மேல வரும். லிஸ்ட்டு, கிஸ்ட்டுன்னு ஒரு கதையைக் கட்டினேன். உனக்கு நாற்காலி முக்கியம். எனக்கு எப்படியும் நீ சொல்ற மாதிரி வயசாச்சு."

"எனக்காகப் பண்ணீங்களா?"

அப்பா பேப்பரை இன்னும் ஒருமுறை மடித்தார். மடிக்க இடமில்லாத அளவுக்கு.

"பாதி உனக்காக. மீதி எனக்கே கொடுத்துக்கிட்டதும்மா. அந்தச் சிவப்பை நான் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்துச்சு. 'கண்ணு தெரியாத கிழவன்தானே, நான் எதுக்குச் சொல்லணும்'னு இருந்துட்டேன்." நிறுத்தினார். "கோட்டோரம் ஒரு அம்மா குழந்தையைக் கையில பிடிச்சுட்டு நின்னாங்க. நீ பார்த்தியா?"

அவள் பார்க்கவில்லை.

"ஒரு காலைக் கீழ வெச்சிருந்தாங்க. வண்டியைப் பார்த்துட்டு எடுத்துட்டாங்க. முப்பத்தோரு வருஷம் ஓட்டினவன், வீம்புக்காக வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுக்கு லைசென்ஸ் ஒண்ணு போனா என்ன?"

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். ஆயிரக்கணக்கான பேர் எழுதியதைப் படித்தவள், முதல்முறையாக அதை எழுதினாள். ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை. 'மறுப்பு ஏதேனும் இருந்தால்' என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று.

"என் வெள்ளிக்கிழமைக் கட்டுல இது வராது," என்றாள். "வேற ஒருத்தர் கையெழுத்துப் போடுவாங்க. இனிமே எனக்கு ஆவண அறையிலதான் வேலை."

"அங்க ஜன்னல்கூட இருக்காதே?"

"இருக்காது."

"என் லைசென்ஸ்?"

"ஒரு மாசம் ஆகும். எனக்கு எழுபது ஆகலையே, அபராதத்தோட போயிடும். அதுவரைக்கும் டீச்சரம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க. டீச்சரம்மா ஏறும்போது பின்னால மாறிக்கலாம்."

வியாழன், காலை 7.57.

தண்ணித்தொட்டி சிக்னலுக்கு இன்னும் நூறடி இருந்தது.

"சிவப்பு," என்றார் அப்பா, சத்தமாக.

அவள் அதை முன்பே பார்த்திருந்தாள். அதைச் சொல்லவில்லை. கோட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். அப்பாவின் வலது கால் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தது.