எடுத்துப் பேசும் நம்பர்

காலை ஆறே முக்காலுக்கே போன் அடித்தது.

அபிநயா இன்னும் பல்கூட விளக்கவில்லை. திரையைப் பார்த்தாள். தெரியாத நம்பர். ஆஸ்பத்திரியாக இருக்குமோ... நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அவசரமாக எடுத்தாள்.

"ஹலோ, கஸ்டமர் கேரா? ஏம்மா, ஃப்ரிட்ஜுல வச்ச மாவு பொங்கி வழியுதும்மா..."

துள்ளிய நெஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மூன்று மாதமாக இதே கதைதான். 'பனிமதி' ஃப்ரிட்ஜ் கம்பெனியின் பெரம்பலூர் சர்வீஸ் சென்டர் என்று இன்டர்நெட்டில் தேடினால், முதலில் வந்து நிற்பது வாலிகண்டபுரம் அபிநயாவின் நம்பர். எந்தப் புண்ணியவான் ஏற்றி வைத்தானோ தெரியவில்லை. அதை நீக்கச் சொல்லி இன்டர்நெட்டுக்கே எழுதினாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி நன்றி. நன்றிக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

கம்பெனியின் இலவச நம்பருக்கும் போட்டுப் பார்த்தாள். தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு மூன்றை அழுத்து, காத்திரு, பாட்டுக் கேள்... பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு 'டொக்' என்று கட்டாகிவிடும். அங்கே கட்டானவர்கள் எல்லாரும் நேராக இவளிடம் வந்து விழுந்தார்கள்.

நம்பரை மாற்றித் தொலைக்கலாம் என்றால் அப்பா தங்கராசு விடவில்லை.

"ஆதாரு, பேங்கு, கேஸு, ரேஷன் கார்டு... எல்லாம் உன் நம்பர்லதான் கெடக்கு. அத மாத்துனா நான் உசுரோட இருக்கேன்னு சொல்லக்கூட ஓடிபி வராது பாப்பா."

அது மட்டுமில்லை. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல் போய் வந்திருந்தாள். 'ஒரு வாரத்துல போன் பண்ணுவோம்' என்றார்கள். படிப்பை முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாயிற்று. இது நாலாவது நேர்காணல். இந்த ஒரு போனுக்காகத்தான் தெரியாத நம்பரையெல்லாம் எடுத்து எடுத்து, ஊராரின் மாவுக்கும் மீனுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் 'ராங் நம்பர்' என்றாள். திட்டினார்கள். அப்புறம் அவளே நாலு விஷயம் படித்துத் தெரிந்துகொண்டாள். "செவுத்த ஒட்டியா இருக்கு? ஒரு சாண் தள்ளி வைங்க. பிளக்க புடுங்கிட்டு பத்து நிமிஷம் கழிச்சு போடுங்க." பாதி ஃப்ரிட்ஜ் அதிலேயே சரியாகிவிட்டது என்பதுதான் கொடுமை.

போன வாரம் செந்துறையிலிருந்து ஒருவன் பேசினான். பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"ஓடுதுங்க... ரொம்ப நன்றிங்க. பத்து நாளா மெஷினோட பேசிப் பேசி, ஒரு மனுஷக் குரல கேக்கறது இப்பதாங்க."

அந்தக் குரலில் இருந்த ஆயாசம் அவளுக்குப் பிடித்திருந்தது. தன்னுடைய ஆயாசம் போலவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். பத்துப் போன் வந்த இடத்தில் ஐம்பது போன். சோற்றில் கை வைத்தால் போன், குளிக்கப் போனால் போன். ஆஸ்பத்திரி சொன்ன வாரமோ முடிந்துவிட்டது. திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

*

சர்வீஸ் சென்டர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே இருபது பேர். ஒரே கவுன்டர். அதில் சசிகலா என்று பெயர் அட்டை குத்திய பெண் ஒருத்தி, கம்ப்யூட்டர் திரையை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபிநயா நேராகப் போனாள். "மேடம், நான் கம்ப்ளெயின்ட் குடுக்க வரல. ஒரே ஒரு நிமிஷம்..."

"எல்லாருக்கும் ஒரே ஒரு நிமிஷந்தாங்க." பின்னாலிருந்து ஒரு குரல். "நான் ஒம்போதரைக்கு வந்தவன். டோக்கன் பதினாலு. வரிசையில வாங்க."

திரும்பினாள். உயரமாக, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, ஒருவன் நின்றிருந்தான். தூக்கம் கெட்ட கண்கள். கோபமாகப் பார்க்க முயன்றாலும் கெஞ்சுவதுபோலவே பார்த்தன. குரல் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது... இருக்கிற எரிச்சலில் யோசிக்கத் தோன்றவில்லை.

"உங்களுக்கு ஃப்ரிட்ஜுதாங்க ரிப்பேரு. எனக்கு வாழ்க்கையே ரிப்பேரு. தள்ளி நில்லுங்க."

"ஃப்ரிட்ஜுதானாவா? நான் மெடிக்கல் வச்சிருக்கேங்க. போன வாரம் ஓடுனது மறுபடி நின்னுபோச்சு. சர்க்கரை ஊசி மருந்த பூரா கொண்டுபோய் பக்கத்து ஜூஸ் கடை ஃப்ரிட்ஜுல, சர்பத்து பாட்டிலு நடுவுல வச்சிட்டு வந்திருக்கேன். சொன்னா சிரிப்பீங்க."

அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சர்வர் டவுன்," என்றாள் சசிகலா, யாரையும் பார்க்காமல். "எல்லாரும் அந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போட்டுட்டுப் போங்க."

இருபது பேரும் சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார்கள். 'மன்னிக்கவும், பக்கம் கிடைக்கவில்லை' என்று இருபது போனிலும் வந்தது.

"இது வேலைக்கு ஆவாது," என்று அவன் போனைக் காதில் வைத்தான். "என்கிட்ட ஒரு நம்பர் இருக்கு. அதுல ஒரு மேடம் எடுப்பாங்க. தங்கமான மனுஷி. இவங்க ஆபீஸு பூரா சேர்ந்தாலும் அவங்க ஒருத்தருக்கு ஈடாவாது. இருங்க, உங்களுக்கும் கேட்டுச் சொல்றேன்."

அபிநயாவின் கைப்பைக்குள் போன் அடித்தது.

அவன் காதில் ரிங் போனது. இவள் பையில் ரிங் வந்தது. அவன் பையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தத் தூக்கம் கெட்ட கண்கள் மெல்ல மெல்ல அகன்றன... அபிநயாவுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. போனை எடுத்து, எதிரில் நிற்பவனிடமே, "ஹலோ," என்றாள்.

"செவுத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளித்தாங்க வச்சிருக்கேன்," என்றான் அவன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

*

வெளியே வந்தால் மழை. டீக்கடைத் தகரத்துக்குக் கீழே இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். அவன் பெயர் முத்தமிழ்செல்வன். செந்துறை கடைத்தெருவில் மெடிக்கல். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் டீயைக் குடிக்காமல் கேட்டான். தகரத்து நுனியிலிருந்து சொட்டிய நீர் அவன் தோளை நனைத்தது. அவளுக்கு இடம் விட்டு நின்றதால்தான் நனைகிறான் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். கவனித்த பிறகு டீ சுட்டது.

"அப்ப நீங்க கம்பெனியே இல்லையா..."

"இல்லைங்க. ஆனா போன வாரத்துலேர்ந்து என்ன ஆச்சுன்னே தெரியல. அம்பது அம்பதா வருது."

அவன் முகம் மாறியது.

"அது... நாந்தாங்க."

"என்னது?"

"மனுஷங்க எடுத்துப் பேசுற நம்பரு, நாலு பேருக்கு ஒதவட்டுமேன்னு... பதினோரு வாட்ஸப் குரூப்புல போட்டேங்க. 'பனிமதி கஸ்டமர் கேர், கண்டிப்பா எடுப்பாங்க, சேவ் பண்ணிக்குங்க'ன்னு. மெடிக்கல் சங்கம், பஸ் டைமிங் குரூப்பு, கோயில் கமிட்டி..."

அபிநயா டீ கிளாஸை வைத்தாள். ஆஸ்பத்திரி போன் வராததற்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்று மனதுக்குள் நெருடியது. அந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். மழையிலேயே இறங்கி நடந்தாள்.

வரவேற்பில் இருந்த மலர்கொடி அக்கா அவளைப் பார்த்ததும், "நீயா?" என்றாள். "நீ தப்பு நம்பருல்ல எழுதி குடுத்திருக்க. இந்தா பாரு, போட்டா என்ன பேரு வருதுன்னு."

திரையில் பெரிதாக வந்தது: 'ஃப்ரிட்ஜ் கஸ்டமர் கேர்'.

ஐம்பது அறுபது பேர் அவளை அப்படித்தான் சேமித்து வைத்திருந்தார்கள். யார் நம்பர் என்று பெயர் காட்டும் ஆப்பும் அதையே அவள் பெயராக்கிவிட்டது.

"ரிங் போறதுக்கு முன்னாடியே கட் பண்ணிட்டேம்மா. ரெண்டு நாள் பாத்தோம். வேற பொண்ணு முந்தாநேத்து சேந்திருச்சு. எதுக்கும் உங்க அப்பா நம்பரையும் எழுதிட்டுப் போ."

எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. வெளியே வந்தால், வாசலில் மழையில் நின்றிருந்தான் அவன். பின்னாலேயே வந்திருக்கிறான்.

"என்னாச்சுங்க?"

"நீங்க நாலு பேருக்கு நல்லது பண்ணுனீங்கல்ல... அதுல என் வேலை போச்சுங்க."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக்கூடச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை அபிநயா. அன்று சாயங்காலம் அவன் கூப்பிட்டான். அந்த நம்பரை பிளாக் செய்தாள். வந்த அத்தனை நம்பரில் அவள் பிளாக் செய்தது அந்த ஒன்றைத்தான்.

*

அடுத்த வாரம் போன் முப்பதாகக் குறைந்தது. அதற்கடுத்த வாரம் பத்து. அப்புறம் ஒன்றிரண்டு. ஒருநாள் முழுக்க ஒரு போன்கூட வரவில்லை.

"போன் கெட்டுப்போச்சா பாப்பா?" என்றார் தங்கராசு.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அமைதியில் அவளுக்கு ஒரு குரல் மட்டும் குறைந்தது. சர்பத்து பாட்டில் நடுவில் சர்க்கரை மருந்து... நினைத்துச் சிரித்தாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். பிளாக் பட்டியலைத் திறந்து அந்த நம்பரைப் பார்த்துவிட்டு மூடினாள். எடுத்துவிட ஒரு விரல் போதும். அந்த விரலைத்தான் ரோஷம் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆறாவது வாரம் அப்பாவின் போன் அடித்தது. மலர்கொடி அக்கா.

"அந்தப் பொண்ணு சென்னைக்குப் போயிருச்சு. திங்கக்கெழம வந்து சேந்துக்கிறியா?"

சேர்ந்தாள். வெள்ளைக் கோட்டு, ரத்த மாதிரி எடுத்த கண்ணாடிக் குழாய்கள், மைக்ராஸ்கோப். நிம்மதியாகப் போன முதல் பத்து நாளுக்குப் பிறகு, ஒரு மத்தியானம் லேபில் மாதிரிகள் வைக்கும் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. முகப்பைப் பார்த்தாள். பனிமதி.

சுவரிலிருந்து தள்ளி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். அசையவில்லை. வேறு வழியில்லாமல் இன்டர்நெட்டில் தேடினாள். முதலில் ஒரு நம்பர் வந்தது. அவளுடையது இல்லை. யாருடையது என்று யோசிக்காமலே, லேப் லேண்ட்லைனில் அழுத்தினாள்.

ஒரே ரிங்கில் எடுத்தார்கள்.

"வணக்கங்க. இது கம்பெனி நம்பர் இல்லைங்க. ஆனா சொல்லுங்க. செவுத்த ஒட்டியா இருக்கு?"

அபிநயாவின் கை ரிசீவரை இறுக்கியது. அந்தக் குரல்.

"ஹலோ..." என்றாள். கொஞ்சம் குரலை மாற்றிக்கொண்டாள். "கம்பெனி இல்லன்னா... உங்க நம்பரு ஏன் இங்க இருக்கு?"

அந்தப் பக்கம் மாத்திரை அட்டை கிழிபடும் சத்தம் கேட்டது.

"அது பெரிய கதைங்க. முன்னாடி இதுல ஒருத்தங்க நம்பரு இருந்துச்சு. என்னால அவங்களுக்கு ஒரு நஷ்டம். போட்ட குரூப்புலயெல்லாம் தப்புன்னு எழுதுனேன். தப்புன்னு எழுதுனா எவன் படிக்கிறான்? அவங்க நம்பர எடுத்துடுங்கன்னு இன்டர்நெட்டுக்கு பதினேழு தடவ எழுதுனேன். 'உங்கள் பரிந்துரை ஏற்கப்படவில்லை'ங்குது. கடைசியா, நம்பர் மாறிப்போச்சு, இதுதான் புது நம்பருன்னு என் நம்பர குடுத்தேன். ரெண்டே நிமிஷத்துல ஏத்துகிச்சுங்க."

"இப்ப எல்லாப் போனும் உங்களுக்கா வருது?"

"ஆமாங்க. கடையில மாத்திர குடுத்துகிட்டே பேசுறேன். அவங்க சொன்னதத்தான் சொல்றேன். ஒரு சாண் தள்ளி வைங்க, பத்து நிமிஷம் கழிச்சு போடுங்கன்னு... பாதிப் பேருக்கு சரியாயிடுது."

இத்தனை நாள் அமைதி தானாக வந்ததில்லை. ஒருவன் அதைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, தினமும் ஐம்பது பேரிடம் திட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சொல்லிக்காட்டக்கூட வழியில்லாமல். அபிநயாவின் கண் நிறைந்தது. கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன.

"ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக்கிறீங்களா?" என்றாள்.

"சொல்லுங்க."

"செந்துறைக்காரர் ஒருத்தரு. மழையில நிக்க வச்சிட்டு வந்துட்டேன். ரெண்டு மாசமா ஒரு போன் இல்ல."

"எப்புடிங்க வரும்..." அவன் குரல் இறங்கியது. "நீங்கதான் பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களே, அபிநயா."

குரலை மாற்றிக்கொள்வதை அவள் விட்டுவிட்டாள்.

"எப்ப தெரிஞ்சிச்சு?"

"ஹலோன்னு சொன்னீங்கல்ல... அப்பவே. தெரிஞ்ச மாதிரி பேசுனா வச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அம்பது பேரு பேசுறாங்க ஒருநாளைக்கு. ஒவ்வொரு தடவ எடுக்கும்போதும் நீங்களா இருக்கக் கூடாதான்னுதான் எடுக்கறேன். அதான் ஒரே ரிங்குல எடுக்கறது." அவன் நிறுத்தினான். "எனக்கு உங்கள புடிச்சிருக்குங்க. அன்னிக்கு பிளக்க புடுங்கச் சொன்னீங்கல்ல, அன்னிலேர்ந்தே புடிச்சிருக்கு."

லேப் வாசலில் யாரோ ரிப்போர்ட் கேட்டார்கள். அவளுக்குக் காதில் விழவில்லை. ஒரு கையால் தன் செல்போனை எடுத்து, அந்தப் பட்டியலைத் திறந்து, ரோஷம் பிடித்து வைத்திருந்த விரலை விடுவித்து அழுத்தினாள்.

"எடுத்துட்டேன்," என்றாள்.

"எதங்க?"

"பிளாக்க. எனக்கும் புடிச்சிருக்குங்க... சொல்ல ரெண்டு மாசம் ஆயிடுச்சு. இனிமே இந்த லேண்ட்லைன்ல எல்லாம் பேச வேணாம். நாளைக்கு ஆறு மணிக்கு எனக்கு டூட்டி முடியும். பெரம்பலூர் வாங்க."

"ஃப்ரிட்ஜ பாக்கவா?"

"ஃப்ரிட்ஜு கெடக்கட்டும்," என்றாள் அபிநயா. "அந்த டீயக் குடிக்காமயே வந்துட்டோம்ல."