பின் ஸ்பிறிங்

ஆளில்லாத காரின் இடப்பக்கப் பின்பகுதி மட்டும் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

நாரந்தனையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டிலுக்குள் கிறீசும் புதுறப்பரும் மணக்க, அவற்றுக்கு அடியில் வேறொன்று மெல்லப் புளித்து மணக்க, சுதாகரன் தன் பழைய ஒஸ்ரின் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். மத்தியானம்தான் மெக்கானிக் தம்பையா இரண்டு பின் ஸ்பிறிங்குகளையும் மாற்றி, புது றப்பரும் போட்டுவிட்டுப் போயிருந்தார். கழற்றிய பழையவற்றில் வலப்பக்கத்தது வில்லாய் வளைந்தே கிடந்தது. இடப்பக்கத்தது தட்டையாகியிருந்தது, அதன் றப்பர் பப்படம் போல நசிந்திருந்தது.

"இந்த மூலையில ஆரைத் தம்பி நெடுக ஏத்தித் திரிஞ்சனீர்?" என்று போகுமுன் சிரித்தார் தம்பையா. சுதாகரனும் சிரிக்கப் பார்த்தான்.

போன மாதம் அந்த ஸ்பிறிங்குகளில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அது அவனுக்கு மட்டுமே தெரியும்.

அன்று அன்னப்பிள்ளைச் சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டு வாசற்படலையில் நின்றாள். சத்தி எடுத்து, சேலையில் வாந்தி புளித்து மணக்கக் களைத்திருந்தாள். ஆசுபத்திரியில் கொண்டுபோய் விடச் சொன்னாள். அவனுக்கோ மறுநாள் கலியாண வீட்டு ஓட்டம். இருக்கைக்கு வெள்ளை றெக்சின் போட்டு, மேலே பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. தெற்கே தகப்பனின் கடையில் வளர்ந்தவன் அவன். அங்கே இல்லை என்று யாருக்கும் சொல்வதில்லை. சரக்கு இப்போதுதான் முடிந்தது என்பார்கள். நாக்கு பழகியிருந்தது.

"பின் ஸ்பிறிங் முறிஞ்சு போச்சு, சின்னம்மா. பாரம் தாங்காது."

"நான் பாரமில்லை, தம்பி."

மெல்ல பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். பஸ் வந்தபோது எழும்பவில்லை. இருந்தபடியே போயிருந்தாள்.

செத்தவீட்டில் மகள் லோஜனா எல்லாருக்கும் சொன்னாள்: சுதாகரன் அண்ணை பாவம், கார் பழுதாம், முகம் வாடிப்போய் நின்றவர் என்று அம்மா போனில் சொன்னாளாம். நாளைக்குச் சின்னம்மாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை. கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக லோஜனா இந்தக் காரைத்தான் கேட்டிருந்தாள். பொய் மெய்யாக வேண்டாமா? அதனால்தான் நல்லதென்றே நம்பிய ஸ்பிறிங்குகளை மாற்றக் கொடுத்தான். புதியதையும் விலை பேசித்தான் வாங்கினான்.

டோர்ச்சுடன் காரின் அடியில் ஊர்ந்தான். புது ஸ்பிறிங் பளபளத்தது. மேலே பொலித்தீன் உறை சரசரத்தது, களைத்துப்போன ஒருவர் மெல்லச் சாய்ந்து வசதி பார்ப்பதைப் போல.

ஸ்பிறிங் முனகியது. வளைந்திருந்த ஒரு தட்டு நிமிர்ந்து தட்டையானது. பிறகு அடுத்தது.

காரின் அடித்தகடு நெஞ்சைத் தொட்டது.

புளிப்பு மணம். கன்னத்தில் இளஞ்சூடாய் ஒரு துளி.

படலை கிறீச்சிட்டது. லோஜனாவின் செருப்புகள் இடப்பக்கச் சில்லருகில் வந்து நின்றன. கூப்பிட்டால் இழுத்துவிடுவாள். ஆனால் உள்ளே யார் என்று பார்ப்பாள். ஏன் என்று கேட்பாள். அந்த வெட்கத்தில் கூப்பிடாமலே ஒரு மூச்சை விட்டுவிட்டான். அடுத்த மூச்சுக்கு இடமில்லை.

"அண்ணை, ஸ்பிறிங் இப்ப தாங்குமோ?"

மேலிருந்து களைத்த குரல் ஒன்று பதில் சொன்னது.

"முறிஞ்சு போச்சாம், பிள்ளை. பாரம் தாங்காதாம்."

செருப்புகள் அசையவில்லை.

பின்கதவு திறந்தது. செருப்புகளுக்குப் பக்கத்தில் வெறுங்கால் ஒன்று இறங்கியது. பிறகு மற்றது.

கார் ஒரு மயிரிழைகூட உயரவில்லை.