கழிவுக்குளத்தின் ஐந்தாவது பொம்மை

மனிதகுலத்துக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: எண்ணெய் மணலைச் சுடுநீரில் அலசித் தாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் சேறு, நாற்பது வருடமானாலும் அடியில் படிய மறுக்கும் அந்தப் பிடிவாதச் சேறு, டாக்டர் விட்லோ கண்டுபிடித்த மருந்தால் இனி ஒரே வாரத்தில் படிந்துவிடும். நாளைக் காலை அமைச்சர் வந்து தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் தூக்கிப் பார்ப்பார். கைதட்டுவதற்கு ஆட்களைக்கூட நியமித்தாகிவிட்டது.

மருந்து ஊற்றிய குளத்தில் பொம்மைகள் மட்டும் ஐந்து நின்றன.

நான்குதான் இருக்க வேண்டும். வாத்துகள் இறங்கித் தாரில் சிக்காமலிருக்க, ஆரஞ்சு மழைக்கோட்டு மாட்டிப் பீப்பாய்களின் மேல் மிதக்கவிட்ட நான்கு பொம்மைகள். ஆய்வக உதவியாளர் மிர்னா பதினோரு வருடமாக அவற்றைப் பார்த்து வருகிறாள். வண்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள்.

"டாக்டர், ஒரு பொம்மை கூட இருக்கு."

"இருந்தா நல்லதுதானே? வாத்து இன்னும் கொஞ்சம் பயப்படும். நீ போய்த் தண்ணி எடுத்துட்டு வா, மூட்டம் இறங்குது."

"நீங்க வரலையா? படகுல ரெண்டு பேர் போகணும்னு விதி."

"அந்த விதியை எழுதினவனே நான்தான்மா."

காப்பிக் கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்திட்டார். போனவர் இருவர், திரும்பியவர் இருவர். அவள் இன்னும் வண்டியை விட்டே இறங்கவில்லை.

எதிர்த்துப் பேச அவளுக்கு வாயில்லை. போன அக்டோபரில் இதே இருக்கையிலிருந்து இதே வரியின் கீழ் அவள் கையெழுத்திட்டிருந்தாள். "நீ உள்ளயே குளிர் காஞ்சுக்கிட்டு இரு கண்ணு. ரெண்டு பேரும் செத்தா கம்பெனிக்கு ரெண்டு மலர்வளையம் செலவு" என்று சிரித்தபடி, அவளோடு வேலை பார்த்த நியூஃபவுண்ட்லாந்துக்காரன் அம்ப்ரோஸ் ஆரஞ்சு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் படகேறினான். படகு மட்டும் திரும்பியது.

சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். படகை இழுத்துக் கட்டினாள், படிவத்தைக் கொடுத்தாள். தாளில் திரும்பி வந்துவிட்டவனை யார் தேடுவார்கள்? 'சொல்லாமல் வேலையை விட்டுச் சென்றார்' என்று அலுவலகம் எழுதிக்கொண்டது. அவன் அக்கா மாதாமாதம் கூப்பிடுவாள். திங்கட்கிழமையும் கூப்பிட்டாள்.

"அவன் தண்ணியில விழலைன்னு மட்டும் சொல்லும்மா. போதும்."

"விழலைங்க" என்றாள் மிர்னா.

மூட்டத்துக்குள் படகு நுழைந்ததும் கரை அழிந்தது. புதிதாகத் தார் போட்ட சாலையும் டீசலும் அழுகிய முட்டையும் கலந்த வாடை தொண்டையில் படலமாக ஒட்டியது. பறவைகளை விரட்டும் வாயு வெடி எங்கோ தொலைவில் 'டொம்' என்று முழங்கி அடங்குவதும், அந்த அதிர்வில் படகின் தகரம் முனகுவதும், அதற்கடியில் தண்ணீர் மெல்ல நாக்கால் நக்குவதுபோல் சப்புக்கொட்டுவதும் கேட்டுக்கொண்டேயிருந்தன. குனிந்து பார்த்தாள். டாக்டர் விட்லோ பொய் சொல்லவில்லை. தண்ணீர் தெளிந்திருந்தது. சேறு படிந்துவிட்டது, அதுவரை பிடித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டது.

குப்பியை நிரப்பினாள். அடுத்த வெடிக்காகக் காத்திருந்தாள். வெடிக்கவில்லை.

நிமிர்ந்தாள்.

நான்கு பொம்மைகள் காற்று திருப்பிய பக்கம் பார்த்து, அவளுக்கு முதுகு காட்டி நின்றன. ஐந்தாவது அவளைப் பார்த்து நின்றது. இடுப்பளவு நீரில். கீழே பீப்பாய் இல்லை.

வானொலிக் கருவி கரகரத்தது. "என்ன மிர்னா, தெளிஞ்சிருக்கா?"

"தெளிஞ்சிருக்கு டாக்டர்."

"பிரமாதம்! நாளைக்கு நீயும் பக்கத்துல நில்லு, போட்டோவுல வருவே."

மோட்டாரைக் கிளப்பினாள். இருமியது. மறுபடி. பிடித்துக்கொண்டது. முன்னால் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி தூரத்தில் படகின் மூக்கு மேலே எழும்பியது. பின்பக்கம் தாழ்ந்தது. ஒரு ஆள் கனம்.

தார் வாடை. நெருக்கமாக. பிடரியில்.

சொட்டு. தகரத் தரையில் கனத்த சொட்டு. இன்னொன்று.

"குளிருது கண்ணு."

அவள் கை ஸ்டியரிங்கை விடவில்லை. கண் மட்டும் ஓரமாகக் குளத்தின் பக்கம் போனது. எண்ணியது. நான்கு.

கரை தெரிந்தது. டாக்டர் விட்லோ வண்டியிலிருந்து இறங்கிக் கையை உயர்த்தி ஆட்டினார். ஆட்டிய கை அப்படியே நின்றது. காப்பிக் கோப்பை விழுந்து உருண்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தார்.

படிவத்தில் திருத்த ஒன்றுமில்லை.