குழாயின் மறுமுனை

கேட்டு முடிப்பதற்குள் குழாய் பதில் சொல்லிவிட்டது. அதுதான் அவனுக்கு முதலில் நெருடியது.

கட்டடத்துக்கு அடியில், கார் நிறுத்தும் தளத்தின் கடைசி மூலையில், இடுப்பளவுக் குழிக்குள் அவனும் மச்சானும் நின்றிருந்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பது அவன் வேலை. கரைந்த சேற்றைத் தொடைப் பருமனுள்ள குழாயால் உறிஞ்ச வைப்பது மச்சான் வேலை. கடப்பாரை போட்டால் உள்ளே ஓடும் மின்கம்பி அறுந்துவிடும். உறிஞ்சும் லாரி சாய்தளத்துக்கு மேலே தெருவில் நின்றது, டிரைவர் அண்ணன் பொறுப்பில். எஞ்சின் நின்றதும் அவர் லாரியிலிருந்து குழாயைக் கழற்றி, அதில் வாய் வைத்துப் பேசுவார். போன் எடுக்காத அந்த ஆழத்தில் அவர்களுக்கு அதுதான் போன்.

இப்போது குழாய் அடைத்திருந்தது. எஞ்சினும் நின்றிருந்தது.

"அண்ணே, உள்ள ஏதோ அடைச்சு..."

"கைய விட்டு எடுங்க" என்றது அண்ணன் குரல்.

குழாய்க்குள் கை விட்டவனை ஒரு வாரம் திட்டித் தீர்க்கிற மனுஷன் அவர். ஆனாலும் குழாயில் வந்த சொல்லை மறுத்துப் பழக்கமில்லை. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

"அண்ணனுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு? நல்ல மூடு போல" என்று சிரித்தபடி மச்சான் மண்டியிட்டு முழங்கைவரை கையை விட்டான்.

அவன் குழாய் வாயருகே குனிந்தான். "என் தம்பிய முழுசா கூட்டிட்டு வாங்க" என்று அவன் மனைவி காலையில் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் குழாயிலிருந்து வந்தது சேற்று நாற்றமில்லை. தூங்கி எழுந்தவர் வாய் போல, வெதுவெதுப்பாக, சீராக, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது ஒரு காற்று.

"மச்சான், கைய எடு."

"வரல மாமா. யாரோ புடிச்சிருக்காங்க." சிரிப்பு போய்விட்டது.

சாய்தளத்தில் செருப்புச் சத்தம். டிரைவர் அண்ணன் மூன்று டீயோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"யாருகிட்டடா பேசுறீங்க? நான் குழாயக் கழட்டித் தெருவுல போட்டுட்டு டீ வாங்கப் போயிட்டேனே!"

டீ கீழே விழுந்தது. அவர் மேலே ஓடினார்.

எஞ்சின் ஓடவில்லை. குழாய் எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஆனாலும் இழுத்தது. அவசரமில்லாமல். முழங்கை போயிற்று. அக்குள் போயிற்று. தோள் நுழையாத வாய் அது. தோளும் போனது.

அவன் மச்சானின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, குழிச் சுவரில் காலை ஊன்றி இழுத்தான். மேலிருந்து அண்ணன் கத்தினார்: "இங்க ஒண்ணும் வரலடா! வெறும் குழாய்தான் கெடக்கு!"

"விட்டுடாதீங்க மாமா" என்று அழுதான் மச்சான், அவன் நெஞ்சோடு ஒட்டி.

"விட்ருங்க மாமா, ஒண்ணும் வலிக்கல" என்றான் மச்சான், குழாய்க்குள்ளிருந்து.

இரண்டும் ஒரே குரல். அவன் கைகள் சேற்றில் வழுக்கின. குழாய் இன்னும் ஒரு விரற்கடை விழுங்கியது.