மிச்சமிருந்த நீலம்

மாடல் விமானத்தின் கண்ணாடி மூடிக்குள் ஆவி படிந்திருந்தது.

வெளியேதான் ஈரம் என்று நினைத்து எட்வர்ட் முதலில் மெல்லிய துணியால் துடைத்தான். போகவில்லை. நெற்றியில் மாட்டும் லென்ஸை இறக்கிவிட்டு, மேசை விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மூடி அது. கீழே ஒரே ஒரு இருக்கை, அதில் ஆள் கிடையாது. பெட்டியோடு வந்த விமானி பொம்மையின் மூஞ்சி சப்பையாக இருந்ததென்று அவன் வைக்காமல் விட்டிருந்தான். ஆளில்லாத அந்த இடத்துக்குள்ளிருந்து, சோற்றுப் பானையின் மூடியில் படிவதுபோல், வெள்ளையாக ஆவி.

இந்த வேலையில் கண்ணாடிப் பிளாஸ்டிக்குக்கு இரண்டு எமன்கள் உண்டு. ஒன்று சூப்பர் குளூ. அதன் புகை பட்டாலே வெளுத்துவிடும். இன்னொன்று பெயிண்டைக் கரைக்கும் தின்னர், ஒரு சொட்டுப் பட்டாலும் பிளாஸ்டிக் இளகிப் பாலாகிவிடும், பிறகு யார் வந்து மன்றாடினாலும் தெளியாது. அது தெரிந்துதான் எட்வர்ட் மூடியைச் சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தான். “வாடைக் காலம், காத்தெல்லாம் ஈரம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொன்னான். இந்த வீட்டில் வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

மண்டபம் பஜாரில் அவனுக்கு ஸ்டிக்கர் கடை. பைக்குக்குப் பெயர், ஆட்டோவுக்கு வசனம், மீன்பிடி வல்லங்களுக்கு நம்பர். பகலில் நாலு பேர் வந்து போவார்கள். ஷட்டரை இறக்கிவிட்டு வடகடல் ஓரத்து வீட்டுக்கு வந்தால் அலைச் சத்தமும் ஃபிரிட்ஜின் முனகலும்தான் துணை. அண்ணன் பிரடெரிக் இருந்தவரை வீடு இப்படியா இருந்தது? வலை இழுக்கும் மெஷினில் கயிறு சுற்றி வலதுகை மோதிரவிரல் போன மனுஷன். மிச்ச விரல்களால் மேசையில் ஓயாமல் தாளம் போடுவான். வாசலில் நுழையும்போதே “ஏலே, சோறு இருக்கா?” என்று கத்திக்கொண்டுதான் நுழைவான். இரண்டு வாடைக் காலத்துக்கு முன்னால், தனியாக வலை எடுக்கப் போனவன் திரும்பவில்லை. காரங்காட்டு அலையாத்திக் காட்டோரம் வல்லம் மட்டும் ஒதுங்கிக் கிடந்தது.

ஆளைத் தொலைத்துவிட்டு வந்த வல்லத்தை அதே நிறத்தில் விட்டுவைக்கக் கூடாது என்று அவர்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. போனவன் கடலுக்குள் தன் வல்லத்தைத் தேடிக்கொண்டே இருப்பானாம். தன் நிறத்தைக் கண்டால் ஏறிவிடுவானாம். நிறத்தை மாற்றிவிட்டால் அடையாளம் தெரியாமல், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவானாம். தெருவே நின்று வற்புறுத்தியதால் எட்வர்ட்தான் அதற்குச் சாம்பல் பெயிண்ட் அடித்தான். தான் வெட்டி ஒட்டிய பெயரைத் தானே சூடு காட்டி உரித்தான். அழுதுகொண்டே உரித்தான். வல்லம் ஏர்வாடிப் பக்கம் விலைக்குப் போனது. உடல் கிடைக்காததால் மெழுகுவத்தி ஏற்றக் கல்லறைகூட இல்லை. அண்ணன் ஒரே ஒரு தடவை வந்து, சோறு இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனால் போதும் என்றுதான் பூசையில் முட்டி போடும்போதெல்லாம் அவன் வேண்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வந்த மாலைகளை எதையாவது போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. அப்படித்தான் விமானம் வந்தது. பக்கத்து வீட்டு லீமாரோஸ் அக்காவின் கோழிக்கூட்டுக்கு மூடியாகக் கிடந்த தகரம், உண்மையில் தகரமே இல்லை. எப்போதோ யார் வலையிலோ சிக்கி வந்த அலுமினியத் தகடு. மேலே இரண்டு ஆங்கில எழுத்து, பாதி அழிந்த ஒரு கறுப்பு நாய்ப் படம். எட்வர்ட் அதைப் போட்டோ எடுத்து, மாடல் செய்கிறவர்களின் இணையக் குழுவில் போட்டுக் கேட்டான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வடகடலில் விழுந்த ஒற்றை ஆள் சண்டை விமானத்துடையதாக இருக்கலாம் என்றார்கள். அதே ரகத்தின் பிளாஸ்டிக் மாடலைக் கூரியரில் வரவழைத்தான்.

சிக்கல் விமானத்தின் வயிற்றுப் பக்கத்து நிறத்தில் வந்தது. பச்சை கலந்த வெளிர் நிறம்தான், வேறு பேச்சே இல்லை என்று குழுவில் பத்துப் பதினைந்து கிழவர்கள் அடித்துச் சொன்னார்கள். எட்வர்ட் தகட்டின் ஓரத்தை வாட்டர் பேப்பரால் நனைத்து நனைத்துத் தேய்த்தான். வெளுத்துப்போன மேல்தோல் போய், அடியில் வெயிலே காணாத ஒரு நீலம் வந்தது. அன்றைக்குக் கைக்குக் கிடைத்ததை அடித்திருப்பார்கள் போல. வாங்கிய குப்பிகளையெல்லாம் கலந்து பார்த்தான். டியூப்லைட்டில் பொய் சொல்லும் நிறம் வெயிலில் மாட்டிக்கொள்ளும், எல்லாமே மாட்டிக்கொண்டன. கடைசியில் பின்கொட்டகையில் கிடந்த ஒரு படகுப் பெயிண்ட் டின்னைத் திறந்து, மேலே படிந்த ஆடையைக் கிழித்து, குச்சியில் தொட்டு வெயிலில் தகட்டின்மேல் வைத்தான். குச்சியில் இருப்பது எது, தகட்டில் இருப்பது எது என்று தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

அதையே விமானத்தின் வயிற்றில் அடித்தான். பிறகு டீக்கல் வேலை. எழுத்துகளையும், நாயின் காணாமல் போன பாதியையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்கென்று இருக்கும் தாளில் அச்சடித்து, மேலே வார்னிஷ் கொடுத்து வெட்டினான். தண்ணீரில் போட்டால் தாளைவிட்டு நழுவி வரும் மெல்லிய தோல் அது. பிரஷ் நுனியால் தள்ளித் தள்ளி அதை இடத்தில் உட்கார வைக்க வேண்டும். நேற்று மாலை நாயை ஒட்டியதோடு வேலை முடிந்தது. இன்று கண்ணாடிக்குள் ஆவி.

மேசையைத் துடைக்கும்போது இன்னொன்றையும் பார்த்தான். டீக்கல் ஊறவைத்த பீங்கான் தட்டில் தண்ணீர் வற்றி, வெள்ளையாக ஒரு வளையம் நின்றிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. ஊற்றியது குழாய்த் தண்ணீர். சரி, இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் என்றைக்கு இனித்தது என்று தட்டைக் கழுவி வைத்தான்.

மழை இறங்கியது. கரண்ட் போனது. இருட்டில் அறை முழுக்க டீசலும் நனைந்த வலையும் கலந்த வாடை நின்றது, ஜன்னல் மூடியிருந்தது. விமானத்தின்மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தான். அட்டைக்குள்ளிருந்து நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பல்லி என்று சொல்லிக்கொண்டான். இந்தத் தடவை சத்தமாகச் சொல்லவில்லை.

மறுநாள் கடையடைத்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அட்டையைத் தூக்கினான்.

ஆவி அப்படியே இருந்தது. ஆனால் துடைத்திருந்தது. உள்ளேயிருந்து. மயிரிழை அகலத்தில் கோடுகள்: இரண்டு ஒட்டி ஒட்டி, பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. லென்ஸ் வழியாக எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தானோ, வாசலில் குரல் கேட்டது.

“எட்வர்டு! இருக்கியாலே?”

லீமாரோஸ் அக்கா கருவாட்டுக் குழம்புத் தூக்கோடு உள்ளே வந்தாள். தூக்கைக் கீழே வைக்காமலே மேசையைப் பார்த்தாள்.

“என்னலே இது, எங்க கோழிக்கூட்டுத் தகரத்துல கெடந்த நாயி?”

“அதே பிளேன்தான்க்கா. கலரு, எழுத்து, ஒண்ணு விடாம அப்படியே.”

அவள் குனிந்து பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

“உள்ள மூச்சு விட்டிருக்கே.”

“ஈரம்க்கா.”

“ஈரம் துடைக்குமாலே? அந்தத் தகரம் ஒடஞ்ச சாமான், அதுல ஒருத்தன் ஏற முடியாது. நீ முழுசாச் செஞ்சு வச்சிருக்க. தேடித் திரியுறவனுக்குப் பெருசு, சிறுசுன்னு தெரியுமா? தன் கலரக் கண்டா ஏறிருவான்.”

“பிளேன் என்ன வல்லமாக்கா?”

“கடல்ல போனவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். அன்னைக்கு வல்லத்துக்குப் பண்ணுனியே, அதப் பண்ணு. இப்பவே பண்ணு. நான் போறேன், எனக்கு ஒதறுது.”

தூக்கை வாசல்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எட்வர்ட் தனியாக நின்றான். பயந்தான், பயத்துக்கு நடுவில் பாவமாகவும் இருந்தது. எந்தச் சீமையில் யார் பெற்ற பிள்ளையோ, அந்த விமானி. எண்பது வருஷமாகத் தேடியிருக்கிறான்.

கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கறுப்பு ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினான். செய்தித்தாளை விரித்தான். வயிறு. இறக்கை. எழுத்து. நாய். கண்ணாடிக்கு வந்தபோது கை நின்றது. உள்ளே தட்டும் சத்தம். வேகமாக. அவசரமாக.

“போயிருய்யா” என்றான். “இது ஒன்னோடது இல்ல. போயிரு.”

கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுத்தினான். கண்ணாடியும் கறுத்தது. சத்தம் நின்றுவிட்டது.

ஸ்பிரே நெடி தொண்டையை அடைத்தது. ஜன்னலைத் திறக்கப் போனான். மழைக்குளிரில் ஜன்னல் கண்ணாடியும் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது. வெளியே அக்கா வீட்டு விளக்கு தெரிகிறதா என்று பார்க்க, வலது கையால் ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்தான்.

கோடுகள் விழுந்தன. நாலு.

நின்று பார்த்தான். நாலு. நாலு விரலுக்கு நாலு கோடு.

அங்கே மூன்று. இரண்டு ஒட்டி. பிறகு இடைவெளி. பிறகு ஒன்று.

மோதிரவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி.

பின்கொட்டகைக் கூரையில் மழை அடித்தது. அந்தக் கொட்டகை. அந்த டின். அண்ணன் வாங்கிய டின். அவன் வல்லத்துக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலம். வல்லம் இப்போது சாம்பல். பெயர் உரிந்தாயிற்று. கரை முழுக்கத் தேடியிருப்பான். ஒரு கரை விடாமல். அந்த நீலம் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். இந்த மேசைமேல், உள்ளங்கை அகலத்தில்.

வந்தவன் விமானத்தைத் தேடி வரவில்லை.

“அண்ணே.”

கறுப்புக்கு அடியிலிருந்து தாளம் கேட்டது. மேசையில் போடும் அதே தாளம். தளர்ந்து போய்.

கத்தியை எடுத்து மூடியின் இடுக்கில் வைத்தான். உள்ளே விளிம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன் விரல் இருந்தால்? கத்தியைப் போட்டான். துணி. தின்னர் பாட்டில். என்ன ஆகும் என்று தெரியும். இந்த மாடல் வேலையில் அவனுக்குத் தெரிந்த முதல் பாடமே அது. தெரிந்தும் ஊற்றினான். துடைத்தான்.

கறுப்பு கரைந்து வந்தது. லென்ஸை இறக்கினான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பளிச்சென்று தெரிந்தது. முழங்கால் நெஞ்சில் இடிக்க, கழுத்து ஒடிந்ததுபோல் மடங்கி, அந்த இருக்கைக்குள் பிரடெரிக். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எள்ளளவுக் கை ஒன்று கண்ணாடியில் வந்து பதிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வெளியே வரவில்லை. என்ன கேட்கிறான் என்று எட்வர்ட்டுக்குத் தெரிந்தது. வாசல்படியில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

அப்புறம் பிளாஸ்டிக் இளகியது.

ஓரங்களிலிருந்து வெள்ளை ஏறியது. அந்த முகத்தை மூடியது. தோளை மூடியது. கை மட்டும் நகரவில்லை. இளகிய கண்ணாடியில் மூன்று விரலும் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொள்ளப் பார்த்து, இழுத்து இழுத்து, நூலாக நீண்டுகொண்டிருந்தன.